புளி மண்டிக்குப் போட்ட இணையக் காவல்

ஒழுங்காக வேலை செய்தால் எதுவுமே நடக்காது, எதுவும் நடக்கவில்லை என்றால் "உங்களுக்கு எதுக்குங்க சம்பளம்?" என்பார்கள். இதுதான் என் தொழில். நெட்டில் நாம் ஒரு பெயரை அடித்ததும் அதற்கு விலாசம் சொல்கிற இடம் ஒன்று உண்டு, டிஎன்எஸ் என்பார்கள். யாராவது மோசடிக்காரனுடைய விலாசத்தைக் கேட்டால் மட்டும் சொல்லாதே என்று அதற்குக் கட்டுப்பாடு போடுவது என் வேலை. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட சகோதரங்களே, நான் பட்டதைக் கேளுங்கள், நீங்களும் பட்டிருப்பீர்கள்.

ஒயர் எங்கே?

கம்பைநல்லூரில் புளி மண்டி வைத்திருக்கிறார் கோவிந்தண்ணன். பேங்க் மாதிரியே வேஷம் போட்ட ஒரு பக்கத்தில் போன வருஷம் மண்டியில் யாரோ பாஸ்வேர்டைப் போட்டுவிட்டார்கள்; கணக்கை வழித்துத் துடைத்துவிட்டான் எவனோ. இன்னொரு தடவை அப்படி ஆனால் மண்டியைச் சாத்த வேண்டியதுதான் என்றுதான் என்னைக் கூப்பிட்டார். நான் லேப்டாப்பில் நாலு தட்டுத் தட்டி, "முடிஞ்சுதுங்கண்ணா" என்றேன். மனுஷன் சுவரைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

"ஏங்க, கேமராக்காரராவது நாலு ஒயர் இழுத்துட்டுப் போனாரு. நீங்க காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்பறீங்க!"

சம்பந்தி வந்தார்

சரி, கண்ணுக்குத் தெரியத்தானே வேண்டும் என்று அந்தக் காவல் வேலையை ஒரு சின்ன டப்பாவுக்கு மாற்றி, பச்சை விளக்கு எரிய, கல்லாவுக்கு மேலே மாட்டினேன். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி மண்டிக்கு வருவதற்கு முந்தின நாள்தான் நல்ல நேரம் பார்த்துப் புதுசாக ஒரு வெப்சைட் தொடங்கி, அதில் பத்திரிகை போட்டிருந்தார்கள். மோசடிப் பக்கங்கள் பெரும்பாலும் புதுப் பெயரில்தான் வரும் என்பதால், நேற்றுத் தொடங்கினது எதையும் உள்ளே விடாதே என்று டப்பாவுக்குச் சொல்லி வைத்திருந்தேன். சம்பந்தி மண்டி வைஃபையில் பத்திரிகையைத் திறந்தார். 'ஆபத்து! உள்ளே போகாதீர்கள்' என்று சிவப்பாக வந்து நின்றது. அவர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"தாலி கட்டறதுக்கு முன்னாடியே ஆபத்துன்னு உங்க மிசினே சொல்லுதுங்களே, சம்பந்தி!"

டப்பாவுக்கு லீவு

ஆயுத பூஜை முடிந்து மண்டி திறந்த அன்று, கணக்கு எழுதுகிற சாந்தியக்கா போன் செய்தார். பேங்கிலிருந்து என்று ஒரு மெயிலாம், தட்டினால் பாஸ்வேர்டு கேட்கிறதாம். "பத்திரிகையவே மறிச்ச டப்பா இதுக்குக் கம்முனு கெடக்குதுங்க. அப்ப போடலாங்களா?"

"அய்யோ, கையை எடுங்கக்கா!" என்று அலறிவிட்டு, அதியமான்கோட்டையிலிருந்து பைக்கை முறுக்கினேன். போய்ப் பார்த்தால் டப்பாவுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பிளக்கைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். நெட்டே அது வழியாகத்தான் வருகிறது. அதனால் நெட் நின்றுபோக, கேபிள்காரரைக் கூப்பிட்டு டப்பா இல்லாமலே லைனை நேராகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணா, இதைக் கழட்டினா மண்டியே போயிடும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று கத்தியேவிட்டேன். பிளக்கைச் செருகி, லைனைப் பழையபடி மாற்றி, அதே மெயிலைத் தட்டினேன். சிவப்பு வந்தது. சாந்தியக்கா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணனுக்கு வேர்த்து ஊற்றுகிறது, ஆனாலும் மனுஷன் விட்டுக்கொடுக்கவில்லை.

"தராசுக்கும் லாரிக்கும் லீவு வுட்டோம், இதுக்கு மட்டும் வுடலைன்னா சாமி குத்தமாயிடாதுங்களா?"

எல்லாவற்றுக்கும் லீவு விடுகிற இந்த ஊரில் ஒரு நாளும் லீவே எடுக்காமல் உழைக்கிறவன் அந்த மோசடிக்காரன் ஒருத்தன்தான்.