சூரனின் பல்

அறுபதுகளில் நான் திருப்பூரில் விஞ்ஞான வாத்தியாராக இருந்தபோது, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி எனக்குப் பழக்கம். பூசணிக்காய்க்குத் திருநீறு பூசியது போன்ற முகம். எதிரே யார் வந்தாலும் கழுத்தோரம் விரலை விட்டுப் பனியனை இழுத்துப் பார்த்து, இன்ன கம்பெனிச் சரக்கு என்று தீர்ப்புச் சொல்வார். பாதி தப்பாக இருக்கும். முதலாளியை யார் மறுப்பது?

ஒருமுறை திருச்செந்தூர் போய்வந்தவர், கடற்கரை மணலில் கிடைத்த கறுத்த முக்கோணப் பல் ஒன்றை முருகன் படத்துக்கு முன் வைத்துக் கற்பூரம் காட்டத் தொடங்கிவிட்டார். முருகன் அங்கே வதம் செய்த சூரபத்மனின் பல்லாம்!

பொறுக்க முடியாமல் நேரிலேயே போனேன்.

"இது சுறாமீன் பல்லுங்க. ஓரத்தைத் தடவிப் பாருங்க, ரம்பம் மாதிரி இருக்கும். எத்தனையோ காலம் மண்ணுல புதைஞ்சு கல்லாயிருக்குது" என்றேன்.

அவர் தடவினார். கண்கள் விரிந்தன.

"அட, ஆமாங்க வாத்தியாரே! சூரன் எடுக்காத உருவமுங்களா? சுறாவா நீந்தறப்பத்தான் வேல் பட்டிருக்குமுங்க."

பல்லை அவர் கையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த வாரம் அந்தக் கம்பெனி வாசலில் ஒரே கூட்டம். உள்ளிருந்து அவர் குரல் கேட்டது: "நானாச் சொல்லலீங்க. சயின்ஸ் வாத்தியாரே பார்த்துட்டுச் சொன்னதுங்க."

கூட்டத்தில் ஒருவர் திரும்பி, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஊரில் விஞ்ஞானத்துக்குக் கிடைத்த ஒரே கும்பிடு அதுதான்.