போன் ரிப்பேரான நாள்

ஓமலூர்ப் பக்கம் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். நாங்கள் நடத்திய பாடத்தை நாங்களே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொண்டால் பள்ளிக்கூடமே மாறும் என்று சொல்லித்தான், வகுப்புப் படங்களும் எங்கள் குறிப்புகளும் சேரும் இ-போர்ட்ஃபோலியோவை ஆளுக்கொன்று போனில் திறந்துவிட்டார்கள். எங்கே திரும்பிப் பார்ப்பது? “இன்னைக்குப் போட்டோ ஏத்தலீங்களா டீச்சர்?” என்பதைத் தவிரத் தலைமையாசிரியர் எதையும் கேட்டதில்லை. பாடம் என்ன ஆனது என்று கேட்க நாதியில்லை.

பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. வகுத்தல் கணக்குக்குப் புளியங்கொட்டையைப் பரப்புவேன். போனைத் தூக்கினால் வட்டமாகக் குனிவார்கள். படம் எடுத்ததும், நான் சொல்லாமலே, கொட்டைகளை அள்ளி டப்பாவில் போட்டுவிடுவார்கள். கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

போன வாரம் போன் கீழே விழுந்து கடைக்குப் போயிற்று. சனியன் விட்டது என்று கொட்டைகளைக் கொட்டி, மூன்று பேருக்குச் சமமாகப் பங்கு வைக்கச் சொன்னேன். முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், போன்தான் ரிப்பேருங்களே. அப்புறம் எதுக்குங்க கொட்டையெல்லாம்?”

கேலி என்று நினைத்து வகுப்பை முறைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என் பதிலுக்குத்தான் காத்திருந்தார்கள்.