பொப்பின் பூட்டனும் எங்கள் சோபாவும்

எங்கள் வீட்டில் சோபா இல்லாததற்கு வறுமை காரணமில்லை. வன்னியில் இருந்த காணிதான் காரணம். கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய வென்ட்வேர்த்வில்லில் எங்களுக்குத் தெரிந்த எல்லார் வீட்டிலும் சோபா இருந்தது. எங்கள் வீட்டு முன்னறையில் மட்டும் பிளாஸ்டிக் கதிரைகள். அம்மா சோபாப் பேச்சை எடுத்தால் போதும், அப்பாவிடம் பதில் தயாராக இருக்கும். "காணியை விட்டா அடுத்த நாளே ஊருக்கு வெளிக்கிட்டிடுவம். பிறகு அந்தப் பாரத்தை ஆருக்குக் குடுக்கிறது?"

காணியை விட வேண்டியது இராணுவம், எங்கள் பேச்சில் 'ஆமி'. அப்பாவின் அப்பப்பா யானைக்கும் மலேரியாவுக்கும் நடுவில் காடு வெட்டித் திருத்திய வயல் அது. சண்டை நெருங்கியபோது நெல் முற்றிச் சாய்ந்து கிடந்ததாம். அறுக்காமல் அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம், எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இப்போது அங்கே ஒரு முகாம். கிளிநொச்சியில் இருந்த பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு, "இந்தமுறை விடுவாங்கள் போலக் கிடக்கு" என்பார். போன முறையும் அதைத்தான் சொல்லியிருப்பார். அப்பா ஒவ்வொரு முறையும் புதிதாக நம்புவார்.

அந்த வீட்டில் எனக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. மொழிபெயர்ப்பாளர். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்ததால் இரண்டு மொழியும் என் கைக்குள் என்று நினைப்பு. உண்மையில், பெரியவர்கள் கதைக்கும்போது விழுகிற சொற்களைப் பொறுக்கி நானாகவே பொருள் வைத்துக்கொள்வேன். சண்டைக் காலத்தைக் கதைத்தால் 'இடம்பெயர்ந்தவை' என்று அவர்கள் ஓயாமல் சொல்வார்கள். வீடு மாறுவதற்குத் தமிழ் அதுதான் என்று முடிவு கட்டியிருந்தேன். பக்கத்து ஊரான பெண்டில் ஹில்லில் இருந்து இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு அன்ரியிடம், "நாங்கள் போன மாசம் இடம்பெயர்ந்தனாங்கள் அன்ரி, இப்ப பெரிய பாத்ரூம்" என்றேன். அன்ரி சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. "ஓம் பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியாக இருந்தார். தெருவில் எல்லாரும் அவரை 'பொப்' என்றே கூப்பிடுவார்கள். மனைவி இறந்த பிறகு அவருக்குத் தன் வம்சத்தைத் தேடும் பைத்தியம் பிடித்துவிட்டது. அவருடைய பூட்டனின் தகப்பன் அமெரிக்காவில், ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், முதன்முதலாகக் கமம் செய்தவராம். அந்தக் கமக்காரனின் மகன் ஒருத்தர் தங்கம் கிண்டலாம் என்று கப்பலேறி இந்தப் பக்கம் வந்ததில்தான் பொப்பின் குடும்பம். கமக்காரனின் பெயர் தெரியும். எந்த மண்ணை உழுதான் என்பது தெரியாது. அதைக் கண்டுபிடிக்காமல் சாக மாட்டேன் என்று கிழவர் ஒற்றைக் காலில் நின்றார்.

ஞாயிறு பின்னேரங்களில் பொப் வருவார். அம்மா ரோல்ஸ் பொரித்துக் கொடுப்பார். பொப் பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு மீதியைத்தான் வெளியே விடுவார், அதனால் அப்பாவுக்கு அவருடைய ஆங்கிலம் பிடிபடவே இல்லை. நான் நடுவில் நிற்பேன். பொப்பின் ஆளுக்குக் கரடி, எங்கள் ஆளுக்கு யானை. அவருக்குப் பனி, இவருக்குக் காய்ச்சல். "எங்கட ஆள்தான்" என்று அப்பா பொப்பின் முதுகில் தட்டுவார். அறுக்காமல் விட்டுவந்த நெல்லைப் பற்றி அப்பா சொன்ன அன்று பொப் ரோல்ஸைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மொழிபெயர்த்து முடித்ததும் அப்பா என் தலையைத் தடவுவார். அதுதான் எனக்குச் சம்பளம்.

ஒரு ஞாயிறு பொப் முகமெல்லாம் சிவந்து ஓடிவந்தார். அமெரிக்காவில் அந்தப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு தூரத்துச் சொந்தக்காரி அன்று காலை தொலைபேசியில் எல்லாம் சொல்லிவிட்டாளாம். காணி கிடைத்துவிட்டது! பொப் மூச்சு வாங்கச் சொல்லச் சொல்ல, நான் பேச்சுப் போட்டியில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"பொப்பின்ர ஆள் சரியான அதிர்ஷ்டக்காரனாம் அப்பா. காடு வெட்டவே தேவையில்லையாம். முதலே அங்க வேற ஆக்கள் இருந்தவையாம். ஆமி வந்து அவையை..."

பொப் சொன்ன ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வேண்டும். கைவசம் ஒன்று இருந்தது.

"...இடம்பெயரச் சொன்னதாம். பிறகு காணியை இவையளுக்குக் குடுத்ததாம். சோளம் முத்தி அப்பிடியே வயல்ல நிண்டதாம். முதல் வருசம் விதைக்காமலே அறுத்தவையாம்!"

பொப் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தச் சனம் திரும்பி வந்ததோ எண்டு கேள்."

கேட்டேன். பொப்பின் சிரிப்பு நின்றது. கேட்டது நான், ஆனால் அவர் அப்பாவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நோ, மேட்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில் இன்னும் ஏதோ சொன்னார்.

"இல்லையாம் அப்பா. ஒருத்தரும் வரேல்லையாம். இப்ப அந்தப் பக்கத்தில அவையின்ர பேர்கூட ஒருத்தருக்கும் தெரியாதாம்."

ஒரு சொல் தப்பாமல், கணீரென்று சொல்லிவிட்டுத் தலையை நீட்டிக்கொண்டு நின்றேன். அப்பா தடவவில்லை.

"வேற என்ன கேக்க அப்பா?"

"கேட்டது காணும் பிள்ளை. போய் விளையாடு."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு நல்ல செய்தி கொண்டுவந்த கிழவரை அப்பா முதுகில்கூடத் தட்டவில்லையே என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சோபா வந்தது. மண்ணிறம், மூன்று பேர் இருக்கலாம், பொல்லாத பாரம். ஒரு முனையைப் பொப் தூக்கினார், மறுமுனையை அப்பா. வாசலில் திருப்பி, சரித்து, உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். மொழிபெயர்க்க என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. பிளாஸ்டிக் கதிரைகளை அப்பா ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பின்பக்கம் கொண்டுபோனார்.

நான் சோபாவில் ஏறித் துள்ளு துள்ளென்று துள்ளினேன். பொப்புக்குக் காணி கிடைத்த ராசிதான் எங்களுக்கும் வந்திருக்கிறது என்று நினைத்தேன். அடுப்படி வாசலில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்று அழுதார். "வாங்கோ அம்மா, நல்ல மெத்தை, வந்து இருந்து பாருங்கோ" என்று கூப்பிட்டேன். அவர் வரவில்லை. இவ்வளவு காலமாகக் கேட்டது வந்துவிட்டதே, இனி என்ன அழுகை என்று எனக்கு விளங்கவே இல்லை.