எல்லோரும் அங்கி போட்ட படகு

நெடுந்தீவு இறங்குதுறையில், படகேறுகிறவர்கள் உயிர்காப்பு அங்கி போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது அந்த நேவிக்காரருடைய வேலை. தெற்கே ஒரு சிங்கள ஊரிலிருந்து வந்து எங்கள் தீவுப் பெண்ணைக் கலியாணம் செய்து, இங்கேயே வாடகை வீடெடுத்து இருந்தவர். அவர்களுடைய ஆறு வயது மகளுக்கு ஓட்டிசம். பேச மாட்டாள். நான் படிப்பிக்கிற விசேட கல்வி வகுப்புக்கு அவளும் வந்துகொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் கடலுக்குப் போகாமல் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி ஓடாமல் இருப்பதே எனக்குப் பெரிய விசயம். இவள் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் பழகினாள். அவர்கள் செருப்பைக் கழற்றினால் கழற்றுவாள், கை கழுவினால் கழுவுவாள்.

தகப்பனுக்கு இடமாற்றம் வரவிருந்தது. பிள்ளையை யாழ்ப்பாணத்து வைத்தியர் பார்த்து, அவளை இடம் மாற்றக்கூடாது என்று எழுதித் தந்தால் அவரை இங்கேயே விடலாம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் புது ஊர், புது வகுப்பு. ஒரு புதுக் கதிரையில் உட்காரப் பழகவே அவளுக்கு மாதங்கள் வேண்டும்.

கிளினிக் நாளன்று தாயோடும் பிள்ளையோடும் நானும் வெளிக்கிட்டேன். யாழ்ப்பாணத்துக்கு பஸ் எடுக்கிற குறிகட்டுவான் துறைக்குப் போகிற காலைப் படகு. தகப்பன்தான் துறையில் கடமையில் நின்றார். தாய் அங்கியை மாட்டிவிட, பிள்ளை அடம்பிடிக்காமல் ஏறினாள். உள்ளே போய் இருந்ததும் அதைப் பிய்த்துக் கழற்றி, பலகையில் போட்டு, அதன்மேல் குந்திக்கொண்டாள். திரும்ப மாட்டப் போனால் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

தகப்பன் விளிம்பில் வந்து நின்றார்.

"மாஸ்ரர், காத்து இருக்கு. போடாட்டி விட ஏலாது."

"மற்றாக்கள் போடாதது கண்ணுக்குத் தெரியேல்லையோ?" கருவாட்டுப் பெட்டியோடு இருந்த அக்கா கேட்டார். "சொந்தப் பிள்ளையெண்டதும் சட்டம் வருது."

"நீங்கள் நீந்துவீங்கள் அக்கா. இவவுக்கு ஏலாது."

படகோட்டி எஞ்சினை உறுமவிட்டார். "மாஸ்ரர், நேரம் போகுது. அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு போங்கோவன்."

தாய் என்னைப் பார்த்தார். அடுத்த கிழமைக்குள் இடமாற்றம் வந்துவிடும்.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். எங்கள் படகில் இருக்கைப் பலகை வலு கடினம். சனம் ஏறும்போது அங்கியைத் தோளில் கொழுவும், இருந்ததும் கழற்றிக் கீழே போட்டுக் குந்திவிடும். அன்றைக்கும் அத்தனை பேரும் அதன்மேல்தான் இருந்தார்கள். பிள்ளை பிழை ஒன்றும் செய்யவில்லை. சுற்றி நடந்ததைத்தான் செய்திருந்தாள்.

எழும்பி நின்று சொன்னேன். "கோவிக்காதேங்கோ. எல்லாரும் ஒருக்கா அங்கியைப் போடுவியளோ? உங்களைப் பார்த்துத்தான் அவள் போடுவாள்."

"வாத்தியார் எங்களுக்கும் வகுப்பெடுக்கிறார்" என்றார் அந்த அக்கா. பிறகு முனகிக்கொண்டே பெட்டியை இறக்கி வைத்து, அங்கியை உருவிப் போட்டுக் கொழுவினார். "நேவிக்காரன்ர பிள்ளையெண்டாலும் எங்கட ஊர்ப் பெட்டையின்ர பிள்ளைதானே."

ஒவ்வொருவராகப் போட்டார்கள். ஒரு வயதான ஐயா மட்டும் அசையவில்லை. பிள்ளை எல்லோரையும் பார்த்தாள், ஐயாவைப் பார்த்தாள். இறங்கிப் போய் அவருக்குக் கீழேயிருந்த அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தா, என்ர மெத்தையும் போச்சு" என்று சொல்லி, சிரித்தபடி அவரும் போட்டார். அதற்குப் பிறகுதான் பிள்ளை தன்னுடைய அங்கியைத் தாயிடம் நீட்டினாள்.

கயிறு அவிழ்ந்தது. படகு துறையை விட்டு நகர, பிள்ளை தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அங்கியில்லாமல் சீருடையோடு நின்றார். அவளுடைய விரல்கள் அங்கியைக் கழற்ற அதன் கொழுக்கியைத் தேடத் தொடங்கின.

அவருக்கு விளங்கிவிட்டது. துறையில் குவிந்து கிடந்த அங்கிகளில் ஒன்றை இழுத்தெடுத்து, தலை வழியாக மாட்டி, வார்களை இறுக்கினார். பிள்ளையின் கை மடிக்குத் திரும்பியது.

கரையில் நின்ற மற்ற நேவிக்காரர்கள் அவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர் திரும்பவில்லை. அவருடைய அங்கியின் செம்மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரிந்த மட்டும் அங்கேயே நின்றது.