பயிற்சியாளரைப் பார்த்து நான் கத்திய ஞாயிறு

சுவிஸுக்கு வந்து முப்பது வருடங்களாகின்றன. அகதி விண்ணப்பம் இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டபோதும், என் பெயரை ஒருவன் வேண்டுமென்றே பிழையாகச் சொல்லிச் சிரித்தபோதும் நான் குரலை உயர்த்தவில்லை. முதன்முதலாகக் கத்தியது ஒரு பேஸ்போல் மைதானத்தில். அதுவும் என்னோடு தினமும் ஒரே மேசையில் சாப்பிடுகிற மனிதரைப் பார்த்து.

வின்டர்தூரில் உலோகப் பாகங்கள் கடையும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அடுத்த இயந்திரத்தில் நிற்கும் சுவிஸ்காரருக்கு என் வயதுதான். பக்கத்து ஊரில் ஒரு சிறிய பேஸ்போல் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். ஒன்பது மணி இடைவேளையில் நான் தொலைபேசியில் கிரிக்கெட் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "ஒரு நாள் வந்து எங்கள் விளையாட்டைப் பார்" என்று கூப்பிட்டார். போனேன். பிறகு ஞாயிறு தவறாமல் போனேன்.

ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு புல்வெளி, உட்கார நாலைந்து மர வாங்குகள், நாற்பது பேர் வந்தால் அது பெரிய கூட்டம். ஆடுகிறவர்களில் ஒருவர் தபால்காரர், ஒருவர் ஆசிரியர், ஒருவர் ஓடு பதிப்பவர். பந்து எறிபவரின் கையில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது என்பது எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது.

நான் போகத் தொடங்கிய ஐந்தாவது வருடம் அணி தோற்கத் தொடங்கியது. ஒரு தோல்விக்குப் பின் இன்னொன்று. நேரே கைக்கு வரும் பந்தை நழுவவிட்டார்கள். மட்டையை அசைக்காமலே நின்று ஆட்டமிழந்தார்கள். எல்லாவற்றையும்விட என் வயிற்றெரிச்சல் பயிற்சியாளர் மேல்தான். நாற்பது வயது தாண்டிய தபால்காரரையே ஒவ்வொரு கிழமையும் பந்து எறிய விட்டார். முந்திய வருடம் எதிரணிகளைத் திணறடித்த இருபத்துமூன்று வயது இளைஞன் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான். அவனுடைய அப்பா கூரை வேலை செய்பவர், பெரிய குரல். என் பக்கத்தில் இருந்துகொண்டு, "என் மகனை இறக்கு!" என்று கத்துவார். நான் தலையாட்டுவேன்.

அந்த ஞாயிறு, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே தபால்காரரின் கை தொய்ந்துவிட்டது. எதிரணி அடித்துக்கொண்டே இருந்தது. எப்படி எழுந்தேன் என்று தெரியாது. சுவிஸ் ஜெர்மனில், எனக்கே புதிதாய்க் கேட்ட ஒரு குரலில், "அவரை வெளியே எடு! உனக்குக் கண் இல்லையா? ஏலாவிட்டால் நீ விட்டுவிட்டுப் போ!" என்று கத்தினேன். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். பயிற்சியாளர் திரும்பினார். யார் கத்தியது என்று கண்டார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு மைதானத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தக் கணம் எனக்கு இனித்தது. வீடு திரும்பும் ரயிலில்தான் அவர் தொப்பியைக் கழற்றிப் போட்டது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நாளைக்கு அந்த மனுசன்ர முகத்தில எப்பிடி முழிப்பியள்?" என்றாள்.

"அவர் செய்யிறது பிழைதானே?"

"பிழையெண்டா சாப்பாட்டு மேசையில சொல்லியிருக்கலாம். அவ்வளவு சனத்துக்கு முன்னால ஏன் கத்தினனீங்கள்?"

திங்கட்கிழமை அவர் வழக்கம்போல எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"நீ சொன்னது சரி" என்றார். "நாலாவது இன்னிங்ஸோடு அவருடைய கை முடிந்துவிடுகிறது. எனக்கும் தெரியும்."

"அப்படியென்றால் ஏன்?"

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். இளைஞனின் தோளில் தசைநார் கிழிந்திருந்ததாம். இந்த வருடம் பந்து எறிந்தால் பிறகு கையைத் தூக்குவதே கஷ்டமாகிவிடலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதை அப்பாவிடம் சொல்ல அவனுக்குத் துணிவில்லை.

"நானாகத்தான் அவனைத் தெரிவு செய்யவில்லை என்று அப்பா நினைக்கட்டும் என்று கேட்டான். அப்படியே இருக்கட்டும் என்றேன். நீயும் யாரிடமும் சொல்லாதே."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு கூரைக்காரர் என் முதுகில் தட்டினார். "இன்றைக்கு ஏன் சத்தமில்லை? போன கிழமை நன்றாகக் கத்தினாயே!" தொண்டை சரியில்லை என்றேன். அவர் மகனுக்காகக் கத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினான். அன்றும் தோற்றோம்.

இலையுதிர் காலத்தில், ஓர் உணவகத்தின் பின் அறையில் கழகக் கூட்டம் நடந்தது. பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்று கூரைக்காரர் எழுந்து சொன்னார். பிறகு என்னைக் காட்டினார். "அவரோடு வேலை செய்பவருக்கே பொறுக்கவில்லை. அன்றைக்கு எல்லோரும் கேட்டீர்கள்தானே?"

நான் எழுந்தேன். பயிற்சியாளர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், வேண்டாம் என்று.

"நான் அன்றைக்குத் தெரியாமல் கத்திவிட்டேன்" என்றேன். "அவர் நல்ல பயிற்சியாளர்."

"என்ன தெரியாமல்?" என்று யாரோ கேட்டார்கள்.

வாக்குக் கொடுத்திருந்தேன். உட்கார்ந்துவிட்டேன். அவர் நீடிக்க வேண்டும் என்று கை உயர்த்தியவர்கள் மிகச் சிலர். தபால்காரர் அதில் ஒருவர், நான் ஒருவன். இளைஞன் அன்று வரவேயில்லை.

பனிக்காலத்தில் அவனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை. ஒரு மாலை கூரைக்காரர் வேலை உடுப்போடு எங்கள் தொழிற்சாலை வாகனத் தரிப்பிடத்துக்கு வந்து நின்றார். யன்னலால் பார்த்தேன். அவர் நெடுநேரம் கதைத்தார், பயிற்சியாளர் காற்சட்டைப் பைக்குள் கைவிட்டபடி கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் கை குலுக்கினார்கள். மறுநாள் விசாரித்தபோது, "மன்னிப்புக் கேட்டார்" என்றார் பயிற்சியாளர். கழகம் திரும்ப வரும்படி கேட்டது. அவர் போகவில்லை. மைதானத்தின் பக்கமே இப்போது வருவதில்லை.

நான் போகிறேன். புதிய பயிற்சியாளரின் கீழ் அணி சில ஆட்டங்களை வெல்கிறது. அதைப் பற்றி நான் சாப்பாட்டு மேசையில் கதைப்பதில்லை, பழைய பயிற்சியாளரும் கேட்பதில்லை. கூட்டத்தில் நான் வாய் மூடியிருந்தது அவர் கேட்டதற்காகத்தான். ஆனாலும் அந்த அறையில் என் கத்தலைத்தான் எடுத்துக் காட்டினார்கள் என்பது என்னைவிட்டுப் போகவில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அவராகவே கேட்டார்.

"பெடியன் எறிகிறானா?"

"நேற்று இரண்டு இன்னிங்ஸ் எறிந்தான்."

"கை எவ்வளவு உயரம் வருகிறது?"

நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, சாப்பாட்டு அறையில் எல்லோரும் பார்க்க, என் கையைத் தூக்கி அவன் எறிவதைப் போலச் செய்து காட்டினேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு உன்னிப்பாகப் பார்த்தார்.

"முழங்கை இன்னும் கொஞ்சம் மேலே வரவேண்டும்" என்றார். "அவனிடம் சொல்லு."