வாசலுக்கு வந்த கூட்டம்

பழவேற்காட்டுக் கடலோரம், லைட்ஹவுஸ் குப்பம். தில்லி அரசாங்கம் இங்கே மீன்பிடித் துறைமுகம் கட்டப்போகிறது என்று வெகுநாளாகப் பேச்சு. யார் வீடு போகும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காக வந்த அதிகாரி, பள்ளிக்கூட அறையில் ஊர்த் தலைவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். நெருக்கடி நிலை போய் இரண்டு வருஷமாகியும் அதிகாரிகளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் பழக்கம் போகவில்லை. வெளியே ஜனங்களோடு நானும் நிற்கிறேன்.

மீன் விற்கும் தேசம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கதவைத் தட்டுகிறார்.

"சார், எங்க ஊட்டப் பத்தி உள்ள இன்னா பேச்சு? வெளிய வந்து பேசுங்க."

அதிகாரி கோபப்படுவார் என்று நினைக்கிறேன். அவரோ வரைபடத்தோடு வெளியே வந்து மணலில் உட்காருகிறார். திட்டம் முழுவதையும் நிதானமாக விளக்குகிறார். கடைசியில் தயங்கி, "வடக்கு வரிசை வீடுகளை எடுக்க வேண்டியிருக்கும்மா" என்கிறார்.

தேசம்மாவின் வீடு அந்த வரிசையில்தான் இருக்கிறது.

"பயமா இல்லையாம்மா?" என்று மெல்லக் கேட்கிறேன்.

"தெரியாத வரைக்கும்தான் நைனா பயம். இப்ப அவரே வாயால சொல்ட்டாரு இல்ல? இனிமே பதிலும் சொல்லித்தான் ஆவணும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதிகாரிக்கு எதிரே உட்காருகிறார்.

"ஊட்ட எடுத்துக்கினு எங்களுக்கு எந்த எடம் குடுப்பீங்க? இத்தினி பேர் முன்னால சொல்லுங்க சார்."

அதிகாரி வரைபடத்தைத் தேசம்மாவின் பக்கமாகத் திருப்பி வைக்கிறார்.