அமெரிக்கப் பள்ளிக்கு ஒரு காய்ச்சல் விடுப்பு

கொல்லிமலையில் எங்கள் ஊர் வளைவில் ஒரு டீக்கடை இருக்கிறது. ஊரிலேயே அங்கு மட்டும்தான் செல்போனுக்குச் சிக்னல் ஒழுங்காக நிற்கும். போன தை மாதம் மாலை நேரங்களில், களத்தில் காய்ந்த மிளகை எல்லோரும் சாக்கில் அள்ளிக்கொண்டிருக்கும்போது, கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் சட்டைப் பையிலிருந்து ஒரு பெண் குரல் தமிழில் அறிவிக்கும்: "அன்பான குடும்பங்களே, பனிப்பொழிவின் காரணமாக இன்று நமது பள்ளிகள் தாமதமாகத் திறக்கப்படும். உங்கள் குழந்தைகளை அடுக்குகளாக உடுத்துங்கள்." அது இயந்திரத்தின் குரல், இயந்திரத்தின் தமிழ். அமெரிக்காவின் வடக்கே, என் பேத்தி படிக்கும் பள்ளியை நடத்தும் 'பள்ளி மாவட்டம்' என்ற கல்வி நிர்வாகம் அங்கே விடிகாலையில் குடும்பங்களுக்கு அனுப்பும் செய்தி. மகள் வேலை நேரத்தில் போனை எடுக்க மாட்டாள் என்று என் எண்ணைக் கொடுத்து, மொழி என்ற இடத்தில் தமிழ் என்று போட்டிருந்தார்கள். எண் என்னோடு விமானம் ஏறி மலைக்கு வந்துவிட்டது. அது மாவட்டத்துக்குத் தெரியாது.

நாளடைவில் இது கடைக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் லாரிக்காரர்கள்கூடச் செய்தி வரும்வரை காத்திருந்தார்கள். கடைக்காரப் பாவாயி டீயை ஆற்றிக்கொண்டே கேட்பாள்: "ஏனுங்க சார், இன்னைக்கு அமெரிக்காவுல பள்ளிக்கூடம் உண்டுங்களா, இல்லீங்களா?" பனியால் தாமதம் என்றேன். வெளியே மூடுபனியில் சேந்தமங்கலம் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து ஏறி வந்துகொண்டிருந்தது. "பனிக்கா? இங்க எதிர்ல வர்ற பஸ்ஸே தெரியறதில்ல. எங்கூட்டுப் புள்ளைங்க போவலீங்களா?" என்றாள். அந்த ஊர்ப் பனி வேறு மாதிரி, வாசற்கதவைத் திறக்க விடாது என்று விளக்கினேன். அப்படிப்பட்ட ஊரில் எதற்குக் கதவு வைத்தார்கள் என்று ஒரு லாரிக்காரர் கேட்டார்.

நான் கல்வித் துறையில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். கண்காணிப்பாளர் என்றால் அதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். அதிகாரி எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டுகிறவர். மனைவி காலமான பிறகு மகள் மலர்விழி என்னை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டாள். அங்கே மாவட்டத்தின் முதல் செய்திமடல் வந்தபோது கீழே 'கண்காணிப்பாளர்' என்று கையெழுத்து இருந்தது. நம் ஆள் ஒருவர் இங்கேயும் அதிகாரியைக் கையெழுத்துப் போட விடாமல் தானே போட்டு அனுப்பியிருக்கிறார் என்று மகிழ்ந்தேன். அங்கே கண்காணிப்பாளர்தான் எல்லோருக்கும் மேல் என்று தெரிந்ததும், பணிக்காலம் முழுவதையும் தவறான நாட்டில் கழித்துவிட்டோமோ என்று தோன்றியது. அதே வாரம் பேத்தியின் பள்ளிக்குப் போயிருந்தேன். பிரின்சிபல் அம்மையார் உள்ளே வந்தார். மரியாதைக்கு எழுந்து நின்றேன். நான் கிளம்புகிறேன் என்று நினைத்து அவர் கதவைத் திறந்து பிடித்தார். மேலதிகாரி கதவைத் திறந்த பிறகு போகாமல் நிற்பது முறையா? நான் வெளியே வந்துவிட்டேன். சந்திப்பு அத்தோடு முடிந்தது.

அரையாண்டுச் செய்திமடல் மகளும் பேத்தியும் நானும் மலைக்கு வந்த பிறகு வந்தது. நம் துறையில் நான் தட்டச்சு செய்த சுற்றறிக்கைகள் பொருள், பார்வை என்று தொடங்கி, யாருக்கும் எதுவும் புரியாதபடி முடியும். குடும்பங்களுக்கு நாங்கள் எதையுமே எழுதியதில்லை. குடும்பம் என்று ஒன்று இருப்பதாகவே கோப்புகளில் பதிவு கிடையாது. இதுவோ "உங்களை நினைத்து நன்றியுடன் இருக்கிறோம்" என்று தொடங்கியது. தொலைந்துபோன கையுறைகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன, ஒற்றைகளையும் வந்து பாருங்கள். மதிய உணவில் புதன்கிழமை உருளைக்கிழங்கு திரும்ப வருகிறது. பேருந்து ஓட்டுநர்களுக்கு நன்றி அட்டை எழுதும் வாரம் இது. பாவாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒத்தைக் கையுறைக்கெல்லாம் சேதி சொல்லுறாங்க. நம்ம பள்ளிக்கூடத்துல புள்ள தொலைஞ்சாலும் நாமதான் போயிச் சொல்லோணும்" என்றாள்.

நான்காவது பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. தொடர்ந்து பத்துப் பள்ளி நாட்கள் அனுமதியின்றி வராத குழந்தையின் பெயர் நீக்கப்படும். குலுக்கலில் இடம் பெற்றவர்கள் அந்த இடத்தை இழப்பார்கள். என் பேத்தி தியா குலுக்கலில்தான் அந்தப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். அதற்கு முந்தைய பள்ளியில் ஒரு வருடம் முழுக்க யாரோடும் பேசாமல் வீட்டுக்கு வந்தவள் அவள். இங்கேதான் மேகி என்ற ஒரு தோழி கிடைத்தாள். இடம் போனால் மேகியும் போய்விடுவாள்.

நாங்கள் வந்தது தியாவின் காதுகுத்துக்கு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என் மகன், எல்லையில் ராணுவத்தில் இருக்கிறான். மார்கழி விடுமுறைக்குள் அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, தை பிற்பாதியில்தான் கிடைத்தது. அமெரிக்கப் பள்ளி அதற்குள் திறந்துவிட்டது. மலர்விழி கணக்குப் போட்டுப் பார்த்து, திரும்பிப் போய்விடலாம், அங்கே கடையில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து நொடியில் குத்திவிடுவார்கள் என்றாள். மாமன் இல்லாமலா என்று கேட்டேன். அப்படியானால் பள்ளிக்கு என்ன சொல்வது என்றாள். "விடுப்பு விண்ணப்பத்தை எங்கிட்ட விடு கண்ணு. வாழ்க்கையே அதுலதான் போச்சு" என்றேன்.

இந்த இடத்தில், தாயகத்தில் இருக்கும் வாசகர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. பள்ளியில் முதன்முதலாக நமக்குக் கற்பிக்கப்படும் கடிதமே காய்ச்சல் கடிதம்தான். எனக்குக் கடுமையான காய்ச்சலாக இருப்பதால் இரண்டு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன். திருவிழா, கல்யாணம், கிழங்கு பிடுங்குவது, புது மாப்பிள்ளை வருவது, எல்லாவற்றுக்கும் அதே காய்ச்சல். எங்கள் அதிகாரி ஒருவரின் மகள் கல்யாணத்துக்கு அலுவலகமே போயிருந்தது. மறுநாள் அத்தனை பேரும் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தோம். பந்தியில் எங்களுக்கு நின்று பரிமாறிய அதே மனிதர், 'பரிசீலித்து அனுமதிக்கப்படுகிறது' என்று கையெழுத்திட்டார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நான்தான் விரல் வைத்துக் காட்டினேன். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே காய்ச்சல் ஒரு வணக்கம் மாதிரி. பதிலுக்கு யாரும் தெர்மாமீட்டர் எடுத்து வருவதில்லை.

அமெரிக்காவில் எடுத்து வந்தார்கள்.

தியாவுக்குக் காய்ச்சல் என்று நான் அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பள்ளியின் செவிலியர் திருமதி ஹான்சன் உடனே பதில் எழுதினார். தியாவின் தைரியத்தைப் பள்ளி பாராட்டுகிறது, காய்ச்சல் எத்தனை டிகிரி? என் பணிக்காலத்தில் எந்தக் காய்ச்சலுக்கும் எண் இருந்ததில்லை. மேற்படி காய்ச்சல் சாதாரணமானது என்று எழுதினேன். சாதாரணம் என்றால் எத்தனை என்று மறுபடி வந்தது. ஏதோ ஓர் எண் வேண்டும். நூறு என்று சுழியில் முடித்தால் நன்றாக இருக்காது என்று, மொய் எழுதிய பழக்கத்தில், நூற்றியொன்று என்று போட்டேன்.

நூற்றியொன்று அங்கே மங்கலமான எண் அல்ல. அதற்கென்று தனி விதி இருக்கிறது. காய்ச்சல் முழுதும் நீங்கிவிட்டதென்று மருத்துவர் எழுதித் தரும்வரை குழந்தை பள்ளிக்குள் கால் வைக்கக் கூடாது. சான்று வராவிட்டால் விடுப்பும் அனுமதி இல்லாததாகிவிடும். அடுத்த செய்திமடலில் 'உடல்நல மூலை' என்ற பகுதியில், பயணத்தில் இருக்கும் நமது குடும்பம் ஒன்றுக்காக நல்ல எண்ணங்களை அனுப்புவோம் என்று போட்டார்கள். வகுப்புப் பிள்ளைகள் நலம் பெறும் அட்டைகள் வரைந்து படமெடுத்து அனுப்பினார்கள். மேகி வரைந்ததில் தியா கட்டிலில் வாயில் தெர்மாமீட்டருடன் படுத்திருந்தாள். பின்னால் மலை, மலைமேல் ஒரு புலி. மேகி வகுப்பில் அழுதாளாம்.

தியா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "அப்புச்சி, நீங்க பொய் சொன்னீங்களா?" என்றாள்.

"பொய் இல்ல கண்ணு. விடுப்பு விண்ணப்பம்."

அவள் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

மருத்துவச் சான்றும், கூடவே குணமான சான்றும் ஜோடியாக வாங்குவது எனக்குப் புதிதல்ல. மலையில் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருக்கும் இளம் டாக்டரிடம் தியாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், முதுகில் குழல் வைத்துக் கேட்டார்.

"பாப்பாவுக்கு எப்பங்க காய்ச்சல் வந்துச்சு?"

"வரலீங்க."

"அப்புறம்?"

"போயிருச்சுன்னு எழுதிக் குடுத்தாப் போதுங்க."

"காய்ச்சல் இல்லைன்னு வேணும்னா எழுதறேன். குணமாயிருச்சுன்னு எழுதுனா, என்ன மருந்து குடுத்தேன்னு கேப்பாங்கல்லீங்க?" என்றார். காய்ச்சலே இல்லை என்றால் என் விண்ணப்பம் பொய்யாகிவிடும். விண்ணப்பம் உண்மையாக வேண்டுமானால் காய்ச்சல் வந்து போக வேண்டும். வெளியே வரும்போது, தலையில் ஈரத்தோடு இந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் அருவிக் காற்றில் நிறுத்தினால் என்ன என்று ஒரு கணம் யோசித்தேன். நடைமுறை தெரிந்தவனின் மூளை அப்படித்தான் போகும்.

இதற்கிடையில் காய்ச்சல்காரி தினமும் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரே குழந்தையாக என்ன செய்வாள்? தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சர் தெற்கத்திக்காரர், மாறுதல் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் மலையிலேயே தங்கிவிட்டவர். அவர்தான் வந்து உட்காரட்டும் என்றார். தியா உட்கார்ந்தாள், சத்துணவு முட்டையைத் தின்றாள், பெயர் வாசிக்கும்போது தன்னையும் கூப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தாள். டீச்சர் வருகைப் பதிவேட்டின் கடைசியில் அவள் பெயரைப் பென்சிலால் எழுதினார். மாற்றுச் சான்றிதழ் இல்லை, அரசுக் கணினியில் பதியும் எமிஸ் எண் இல்லை, பென்சில் வேறு. பணியில் இருந்திருந்தால் டீச்சர்மேல் நடவடிக்கை எடுக்கப் பதினேழு-அ பிரிவில் குறிப்பாணை தட்டச்சு செய்திருப்பேன். அன்று பதிவேட்டின் பக்கம் திரும்பாமல் சுவரிலிருந்த வாய்ப்பாட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பத்தாவது நாள் நெருங்கியபோது திருமதி ஹான்சன் வீடியோ அழைப்பில் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றார். டீக்கடைதான் வழி. மலர்விழி தியாவைப் போர்வையில் சுற்றி உட்கார வைத்தாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் பெஞ்சுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். திரையில் நரைத்த முடியும் அக்கறையான முகமுமாக ஓர் அம்மாள் தோன்றி, எப்படி இருக்கிறாய் செல்லமே என்றார்.

தியா போர்வையை எடுத்துப் போட்டாள். ஆங்கிலத்தில், ஒரே மூச்சில், தனக்குக் காய்ச்சல் வரவே இல்லை, காது குத்த மாமாவுக்காகக் காத்திருக்கிறோம், அப்புச்சி எல்லாவற்றுக்கும் காய்ச்சல் என்றுதான் எழுதுவார், மேகியிடம் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாள். மலர்விழி கண்ணை மூடிக்கொண்டாள். இடம் போய்விட்டது என்று நானும் முடிவு செய்தேன்.

ஏன் காய்ச்சல் என்று எழுதினீர்கள் என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். அது எங்கள் நடைமுறை என்றேன். அவர் பேனாவை எடுத்தார். பிறகு மிகுந்த மரியாதையுடன், இது உங்கள் பண்பாடா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், ஆம் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். அப்படியானால் பகல் முழுக்கக் குழந்தை என்ன செய்கிறாள் என்றார். தியா போனைத் திருப்பிப் பின்னால் நின்ற பிள்ளைகளைக் காட்டி, பள்ளிக்குப் போகிறேன் என்றாள். அவர்கள் ஒரே குரலில் "குட் மார்னிங் மிஸ்" என்றார்கள். எங்களுக்கு இருட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு உண்மையிலேயே காலை.

பயணத்தின்போது வேறு பள்ளியில் பயின்ற நாட்கள் வருகையாகவே கொள்ளப்படும் என்று அவர் சொன்னார். அது அரையாண்டுச் செய்திமடலிலேயே இருந்ததாம். எடுத்துப் பார்த்தேன், இருந்தது. எந்தச் சுற்றறிக்கையையும் கடைசி வரி வரை படிக்கிற நான் அதைப் படிக்கவில்லை. காரணம், அந்த வரி ஓர் அணில் படத்தின் வயிற்றில் அச்சாகியிருந்தது. அரசு விதி அணிலின் வயிற்றில் இருக்கும் என்று எனக்கு யாரும் பயிற்சி அளிக்கவில்லை.

ஸ்டெல்லா டீச்சருக்கு வருகைச் சான்றை நானே வரைவு செய்தேன். பொருள், பார்வை எல்லாம் போட்டுக் கொண்டுபோனேன். "இதுல காய்ச்சல்னு எங்கயும் இல்லையே சார்?" என்று கேட்டுவிட்டு, நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். தியாவின் இடம் நிலைத்தது. மாமன் வந்தான், மடியில் உட்கார வைத்தான். ஆசாரி ஊசியை எடுத்தபோது அழுதது ராணுவக்காரன்தான். தியா அழவில்லை.

நாங்கள் அமெரிக்காவுக்குத் திரும்பி வந்த வாரம் மாவட்டத்தின் செய்திமடலில் 'பண்பாட்டு மூலை' ஒன்று புதிதாக வந்தது. உலகின் சில பகுதிகளில் காய்ச்சல் என்பது விடுப்புக் கேட்பதற்கான மரியாதையான முறை, குடும்பங்களிடம் திறந்த மனதுடன் கேளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். கீழே கண்காணிப்பாளரின் கையெழுத்து. என் பெயர் இல்லை. ஆனால் துறைக்கு நான் அளித்த ஒரே அறிவுப் பங்களிப்பு அதுதான்.

இன்று காலை வாசலின் இருபுறமும் ஒதுக்கிய பனி இடுப்பளவு. போனில் அதே குரல், பள்ளி தாமதமாகத் திறக்கும் என்றது. அதன் கீழே ஸ்டெல்லா டீச்சர் அனுப்பிய ஓர் ஒலிப்பதிவு. பென்சில் எழுத்தை அழிக்க ரப்பர் தேடிக்கொண்டே இருக்கிறாராம், அதுவரை பெயரை வாசித்துத்தானே ஆக வேண்டும் என்றார். தியா சமையலறையில் ஒரு கையுறையோடு மற்றொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் போனைச் சத்தமாக வைத்தேன். டீச்சர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர் என்று மலை ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தது. கடைசியில், "தியா."

பிறகு வகுப்பு மொத்தமும் ஒரே குரலில்:

"காய்ச்சலுங்க டீச்சர்!"

தியா தேடுவதை நிறுத்தினாள். புதுக் கம்மலை ஒற்றைக் கையுறையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மஞ்சள் பஸ் முனையில் திரும்பி, தெருவில் பனியை அரைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவள், திரும்பி, என் கையிலிருந்த போனைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"உள்ளேன் டீச்சர்."